துவர்ப்பும் பசும்பாலும்

சுவையை ஆறாக வகுத்த நம் முன்னோர் துவர்ப்புக்கும் அவற்றுள் ஓரிடம் அளித்தனர். ஆயினும் துவர்ப்பை விரும்பி உண்போர் சிலரே. பாக்கும் கடுக்காயும் மாதுளந்தோலும் மருந்தென்றும் தாம்பூலமென்றும் கொள்ளப்பட்டனவன்றி விருந்தென்று கொள்ளப்படவில்லை. மாடு வளர்ப்போரும் இவ்வாறே துவர்ப்புக் குழையை இரண்டாந்தரத் தீனியென ஒதுக்கி, வேறொன்றும் அகப்படாத கோடை காலத்திலேயே அதனை நாடுவர். இவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று, முற்றிலும் சரியுமன்று. துவர்ப்பைத் தருகின்ற பொருளை அளவறிந்து கறவைப் பசுவின் தீவனத்திற் சேர்த்தால், பசு உண்ணும் புரதம் வீணாகாது காக்கப்படும் என்பது கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சியின் முடிபு. இம்முடிபு அரியாலையிலும் அதன் அயலூர்களிலும் வளவில் ஒன்றிரண்டு பசு வைத்திருப்போருக்குப் பயன்படுமா, பயன்படுமாயின் எந்தப் பசுவுக்கு, எவ்வளவு என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவர்ப்புப் பொருள் யாது?

வாழைக்காய் அரிந்த கத்தி கறுத்துப்போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வெறுந் தேநீர் நாவை இறுக்குவதையும், அதே தேநீரிற் பால் கலந்ததும் அவ்விறுக்கம் தணிவதையும் நாள்தோறும் உணர்கிறோம். பருத்தி நூலால் வலை பின்னிய காலத்தில், அது உப்புநீரில் இற்றுப்போகாதிருக்கும் பொருட்டுக் கரையோர மக்கள் கண்டல் மரப்பட்டையை அவித்த சாயத்தில் அதனைத் தோய்த்தெடுத்தனர். தமிழ்நாட்டிலே தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் இட்டு, அழுகும் தோலை அழியாத தோலாக்கினர். இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் தொழிற்படுவது ஓரினப் பொருளே. தோல் பதனிடும் தொழிலையொட்டி 1796ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஆர்மண்ட் செகுவென் இதற்குத் தனின் என்று பெயரிட்டார்.

தனின் தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஆக்கும் பொருள். தழையைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக இலையிலும் பட்டையிலும் விதைத்தோலிலும் காயிலும் அது தேங்கி நிற்கும். இறுங்கிலே செந்நிற மணியுடைய சில வகைகளைக் குருவிகள் எளிதில் நாடாமைக்கும் இதுவே காரணம். தனினின் தலையாய இயல்பு புரதத்தோடு பிணைதல். நாவிலூறும் உமிழ்நீர்ப் புரதத்தோடு அது பிணையும்போதே துவர்ப்பை உணர்கிறோம். தேநீரிற் பால் கலந்தால் தனின் பாற்புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. நாவைப் பற்ற எஞ்சியிருப்பது குறைவு. இச்சிறு உதாரணத்தை வாசகர் மனத்திற் கொள்வாராக. பசுவின் வயிற்றினுள் நடைபெறுவதும் இதுவே.

தனின்கள் இருவகையின. ஒன்று ஒடுங்கிய தனின். புளியங்கொட்டைத் தோல், உடை, வேல் முதலியவற்றில் இது மிகுதி. மற்றையது நீர்ப்பகுப்புறும் தனின். கடுக்காயில் இது மிகுதி. முன்னது வயிற்றில் எளிதிற் சிதையாது. பின்னது நுண்ணுயிர்களாற் சிதைக்கப்பட்டு வேறு பொருள்களாக மாறும். அவற்றுட் சில ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கானவை. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

பசு உண்ட புரதம் எங்கே போகிறது?

பசுவுக்கு இரைப்பை நான்கு அறைகளாக அமைந்துள்ளது. முதலறையாகிய முதலிரைப்பை ஒரு பெரிய ஊறற்சாடி போன்றது. அங்கே கோடானுகோடி பற்றீரியங்களும் பிற நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. நாம் சமிக்கவியலாத புல்லையும் வைக்கோலையும் சிதைத்துப் பசுவுக்குச் சத்தாக்குவன இவையே. இவை வளர்வதற்கு நைதரசன் வேண்டும். தீவனத்திலுள்ள புரதத்தை உடைத்து அமோனியாவாக்கி, அவ்வமோனியாவைக் கொண்டு தம் உடற்புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. பின்னர் இவையே குடலுக்குச் சென்று பசுவுக்கு உணவாகின்றன. இயற்கையின் ஒழுங்கு வியக்கத்தக்கது.

ஆயினும் இவ்வொழுங்கில் ஒரு கசிவு உண்டு. பிண்ணாக்கு, சீமைக்கிளுவைக் குழை போன்ற புரதம் மிக்க தீனிகள் முதலிரைப்பையிற் சேர்ந்ததும் அவற்றின் புரதத்திற் பெரும்பகுதி விரைந்து உடைகிறது. நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு மேலாக அமோனியா திரளுகிறது. மிகையான அமோனியா குருதியிற் கலந்து ஈரலை அடைகிறது. ஈரல் அதனை யூரியாவாக மாற்றுகிறது. யூரியாவின் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதி பாலிலும் கலக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் ஒரு பங்கு, பாலாக மாறாது கொட்டிலின் தரையிலே சிறுநீராகப் பாய்ந்துவிடுகின்றது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு நீர் நீங்கிய எடையில் 10 கிலோகிராம் தீவனம் உண்பதாகவும், அத்தீவனத்தில் நூற்றுக்கு 14 பங்கு புரதமெனவும் கொள்வோம். அப்பசு 1,400 கிராம் புரதம் உண்கிறது. தீவனப் புரதத்தை 6.25ஆல் வகுத்தால் நைதரசன் கிடைக்கும்; அது 224 கிராம். அப்பசு நாளொன்றுக்கு 8 லீற்றர் பால் தருவதாயின், நூற்றுக்கு 3.3 பங்கு புரதமுள்ள அப்பாலில் ஏறத்தாழ 264 கிராம் புரதமும் 41 கிராம் நைதரசனும் இருக்கும். உண்டதில் ஐந்திலொரு பங்குகூடப் பாலிற் சேரவில்லை. எஞ்சிய 183 கிராமும் ஏறக்குறைய முழுவதாகச் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. ஆண்டு முழுவதும் இவ்வாறே நிகழுமாயின் அது 65 கிலோகிராமுக்கு மேற்படும். ஐம்பது கிலோ மூடை மூன்றிலுள்ள யூரியா உரத்தில் இருப்பதும் ஏறத்தாழ இவ்வளவு நைதரசனே. ஒரு பசு ஆண்டுதோறும் மூன்று மூடை உரத்தை நம் வளவிற் சொரிகிறது எனலாம். அது தோட்டத்துக்குச் செல்கிறதா, கிணற்றுக்குச் செல்கிறதா என்பதே வினா.

தனின் செய்யும் காவல்

முதலிரைப்பையின் பீஎச் பெறுமானம் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடைப்பட்டது. ஒடுங்கிய தனினும் புரதமும் ஏறத்தாழ 3.5 முதல் 7 வரையான பீஎச்சிலே உறுதியாகப் பிணைந்திருக்கும் என்பதை 1977ஆம் ஆண்டில் ஜோன்ஸ், மாங்கன் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே முதலிரைப்பையிலே தனினோடு பிணைந்த புரதத்தைப் பற்றீரியங்கள் எளிதில் உடைக்கமாட்டா. தீவனம் நான்காம் அறையை அடையும்போது அங்கே அமிலம் மிகுதி. பீஎச் 3க்கும் கீழே இறங்கும். அவ்விடத்தே பிணைப்பு அவிழ்கிறது. விடுதலை பெற்ற புரதம் பசுவின் சொந்த நொதியங்களாற் சமிக்கப்பட்டுச் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. கள்வர் மலிந்த வழியைக் கடக்கும்வரை உடன்வந்து, ஊரெல்லையில் விடைபெறும் காவற்காரனைப் போன்றது தனின்.

இதன் விளைவுகள் நான்காகக் கூறப்படும். முதலாவது, குடலை அடையும் புரதம் கூடுதல். இரண்டாவது, சிறுநீரிற் செல்லும் நைதரசன் குறைந்து சாணத்திற் செல்வது கூடுதல். மூன்றாவது, இளங்குழையை மிகுதியாகத் தின்ற மாட்டின் வயிற்றில் நுரை பொங்கி ஏற்படும் பொருமல் தணிதல். நுரையை நிலைக்கச் செய்யும் கரைந்த புரதத்தைத் தனின் பற்றிக்கொள்வதே காரணம். நான்காவது, மெதேன் வாயு குறைதல். பசு உண்ட உணவின் சத்தில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை மெதேனாக ஏவறையில் வெளியேறுகிறது. அது பசுவுக்கும் நட்டம். நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டைக் காட்டிலும் இருபத்தைந்து மடங்குக்கு மேலாகப் புவியைச் சூடாக்குவதால் உலகுக்கும் நட்டம்.

நியூசிலாந்திலே லோட்டஸ் எனப்படும் மஞ்சட்பூ அவரையினப் புல்லை வைத்து இவை நன்கு சோதிக்கப்பட்டன. அங்கே கையாளப்பட்ட முறை மாணாக்கர் அறியத்தக்கது. ஒரே மேய்ச்சல் நிலத்தில் மேயும் விலங்குகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்குப் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் பொருளை ஊட்டினர். அது தனினைத் தன்னோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்யும். உணவு ஒன்றே, தனினின் செயல் மாத்திரம் ஒரு கூற்றில் உண்டு, மற்றதில் இல்லை. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், பாலூட்டும் செம்மறியாடுகளுள் தனின் செயற்பட்டவை, பாற்காலத்தின் பிற்பகுதியில் மற்றவற்றினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடுதலாகப் பால் சுரந்தன.

நமக்கு அண்மையிலே, பெங்களூரிலுள்ள இந்திய தேசிய விலங்கு ஊட்டவியல் உடற்றொழிலியல் நிறுவனம் புளியங்கொட்டைத் தோலைக் கொண்டு டாமரின் பிளஸ் என்ற சேர்ப்பொருளையும், பின்னர் தனின் மிக்க தாவரங்களிலிருந்து ஹரித் தாரா என்ற சேர்ப்பொருளையும் ஆக்கியது. 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஹரித் தாரா மெதேனை நூற்றுக்கு 17 முதல் 20 பங்கு வரை குறைக்குமென அந்நிறுவனம் கூறியுள்ளது. நாம் புளியைக் கோதி எறியும் கொட்டையின் தோல் இவ்வாராய்ச்சிக்குப் பொருளாயிற்று என்பது நோக்கத்தக்கது.

அளவும் ஆபத்தும்

இத்துணை நன்மை கூறியதால், இன்றே கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு கண்ட மரத்துக் குழையையெல்லாம் பறித்துப் போடலாம் என்று எவரும் எண்ணற்க. நன்மை ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. லோட்டஸ் ஆராய்ச்சிகளில் நீர் நீங்கிய தீவனத்தின் ஒரு கிலோகிராமுக்கு 20 முதல் 40 கிராம் வரையான ஒடுங்கிய தனின் நன்மை செய்தது. ஏறத்தாழ 50 கிராமைக் கடந்ததும் விலங்குகள் உண்ணும் அளவு குறைந்தது, சமிபாடும் குன்றியது. மறுபுறத்தே, 20 கிராமிலும் குறைந்த அளவில் மெதேன் குறைதல் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டுச் சீரற்றதாகவே காணப்பட்டது. ஒரு மரத்தின் தனின் மற்றொரு மரத்தின் தனினைப் போன்றதன்று. ஒரே மரத்தின் தளிரும் முற்றிய இலையும், மாரியிற் பறித்ததும் கோடையிற் பறித்ததும் தம்முள் வேறுபடும். ஆகவே ஓரிடத்தில் நன்மை தந்த அளவு வேறோரிடத்துக்கு அப்படியே பொருந்தாது.

நீர்ப்பகுப்புறும் தனினைப் பற்றி மேலும் எச்சரிக்கை வேண்டும். கருவாலி மரத்தின் தளிரையும் கொட்டையையும் மிகுதியாகத் தின்ற மாடுகள் சிறுநீரகம் கெட்டு இறப்பதை ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிவர். அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்திலே கடுக்காய் மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலை மாடுகளுக்கு நஞ்சாயிற்று. ஆதலின் நாட்டு வைத்தியத்தில் மாட்டின் கழிச்சலுக்குச் சிறிதளவு கடுக்காய் கொடுப்பது வழக்கம் என்பதை ஆதாரமாகக் கொண்டு, அதனை நாள்தோறும் தீவனமாக்குதல் தகாது. மருந்தின் அளவு வேறு, உணவின் அளவு வேறு.

ஆடு தின்னுகிறதே என்று மாட்டுக்கும் போடுவோருண்டு. பலாவிலையையும் உடைக்காயையும் ஆடு சுவைத்துத் தின்னும். குழை தின்னும் விலங்குகள் துவர்ப்பைத் தாங்கும் ஆற்றலை மிகுதியாகப் பெற்றவை. மான் முதலியவற்றின் உமிழ்நீரிலே தனினைப் பற்றி அடக்கும் சிறப்புப் புரதங்கள் உள. புல் மேயும் பசு அவ்வாற்றலிற் குறைந்தது. எனவே ஆட்டுக்குப் பொருந்தியது மாட்டுக்கும் பொருந்துமென்ற அநுமானம் செல்லாது. இன்னுமொன்று: இப்பிலிப்பில் குழையை மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு உரோமம் உதிர்வது அதிலுள்ள மிமோசின் என்னும் வேறொரு பொருளாலாகும். அதனைத் தனினின் குற்றமாகக் கருதுதல் கூடாது.

எந்தப் பசுவுக்கு?

இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. கண்டி வீதி வழியே யாழ்ப்பாணத்துக்கு வருவோர் செம்மணி வெளியைக் கடந்ததும் அரியாலையை அடைவர். தெற்கே கடனீரேரி; ஊருக்குள்ளே வேலியடைத்த வளவுகளும் தோட்டங்களும் கிணறுகளும். இத்தகைய ஊர்களில் இருவகைப் பசுக்களைக் காணலாம்.

முதல்வகை, வெளியில் மேய்ந்து, மாலையில் வைக்கோலோ வார்ந்த பனையோலையோ தின்று, நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பால் தரும் நாட்டுப் பசு. நெல் வைக்கோலிலே புரதம் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படுவது அரிது. தீவனத்திற் புரதம் நூற்றுக்கு 7 பங்கிலும் குறைந்தால் முதலிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே நைதரசனின்றி வாடும். நார் சமிக்கப்படாது தேங்கும். பசு உண்பதும் குறையும். இப்பசுவின் வயிற்றில் மிகையான அமோனியா இல்லை. இதற்குத் தனினைச் சேர்த்தால், இருக்கும் சிறிதளவு புரதத்தையும் நுண்ணுயிர்களிடமிருந்து பறித்ததாகும். பொருளில்லாத வீட்டுக்குக் காவல் வைப்பதுபோலும் அது. காவற்காரனுக்கும் சோறு போடவேண்டும். இப்பசுவுக்கு வேண்டுவது துவர்ப்பன்று. வாடவைத்த சீமைக்கிளுவைக் குழை, சிறிது பிண்ணாக்கு, நல்ல நீர், தாதுப்பொருள் என்பனவே. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை நூறு லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, இரண்டு மூன்று கிழமை வைத்துப் பதப்படுத்தும் முறையும் உண்டு. யூரியா கரையாது கட்டியாக நின்றால் அது நஞ்சாகுமாதலின், இம்முறையை மிருகவைத்திய அலுவலரின் வழிகாட்டலுடனேயே கைக்கொள்ள வேண்டும்.

இரண்டாம்வகை, ஜேர்சி அல்லது பிரீசியன் கலப்புப் பசு. கொட்டிலிற் கட்டி, ஒட்டுப்புல்லும் சீமைக்கிளுவைக் குழையும் எள்ளுப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் தவிடும் இட்டு வளர்க்கப்படுவது. சீமைக்கிளுவைக் குழையிலே நீர் நீங்கிய எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு புரதம் உண்டு. அது விரைந்து உடையும் இயல்பினது. எள்ளுப் பிண்ணாக்கிலோ புரதம் இதனினும் மிகுதி. இங்கேதான் அமோனியா மிகுந்து, புரதம் சிறுநீராகப் பாய்கிறது. தனின் காக்கத்தக்க பொருள் உள்ளது இவ்வீட்டிலேயே. தேங்காய்ப் பிண்ணாக்கின் புரதம் எண்ணெய் பிழியும் வெப்பத்தால் ஓரளவு முன்னரே காக்கப்பட்டுள்ளதால், அதனை முதன்மையாக உண்ணும் பசுவில் தனினின் பயன் குறைவாகவும், எள்ளுப் பிண்ணாக்கும் குழையும் மிகுதியாக உண்ணும் பசுவிற் கூடுதலாகவும் இருத்தல் கூடும்.

சுருங்கக் கூறின், தனின் தீனியன்று; தீனியின் காவல். புரதம் குறைந்த பசுவுக்கு முதலிற் புரதத்தைத் தேடுக. புரதம் மிகுந்து வீணாகும் பசுவுக்கே தனினைப் பற்றி எண்ணுக. ஏழை விவசாயி ஒருவர் கடையிற் சேர்ப்பொருட் பொட்டலம் வாங்கும் காசைக் கொண்டு முதலிற் பிண்ணாக்கு வாங்குவாராயின் அதுவே அறிவுடைமை.

கிணற்றின் பங்கு

நைதரசன் சாணத்திற் செல்வதற்கும் சிறுநீரிற் செல்வதற்கும் வேறுபாடு என்ன என வினவலாம். சிறுநீரிலுள்ள யூரியா நிலத்திற் பட்டதும் சில மணி நேரத்திலேயே அமோனியாவாக மாறத் தொடங்குகிறது. அதன் ஒரு பகுதி காற்றிற் கலந்துவிடும். எஞ்சியது மண்ணிலுள்ள பற்றீரியங்களால் நைத்திரேற்றாகி, மழைநீரோடு கீழிறங்கும். சாணத்திலுள்ள நைதரசனோ பெரிதும் சேதனப் பொருளோடு கட்டுண்டது. அது மெல்ல மெல்ல அவிழ்ந்து பயிருக்கு உணவாகும்.

குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரே நமது கிணற்றுநீர். மேற்பரப்பில் ஊற்றியது விரைவிற் கிணற்றை அடையும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. 1980களிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் குடாநாட்டு விவசாயப் பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்தன எனக் காட்டியுள்ளன. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாயும். இம்மாசுக்குத் தோட்டத்து இரசாயன உரமும் மலகூடக் குழிகளும் பெருங்காரணங்கள். மாட்டின் சிறுநீரே காரணம் என்பது நியாயமாகாது. ஆயினும் கிணற்றுக்குப் பத்தடி தொலைவிற் கொட்டில் அமைந்த வளவுக்கு அது சிறு காரணமுமன்று.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, ஒரு வண்டி எருவின் பெறுமதியை எல்லோரும் உணர்ந்தனர். மூன்று மூடை யூரியாவுக்கு நிகரான நைதரசனைக் கிணற்றுக்கு விடாது எருக்கும்பியில் நிறுத்துதல் பயிருக்கும் நன்று, பிள்ளைகளுக்கும் நன்று. தனின் இதற்கு ஓர் உதவி மாத்திரமே. கொட்டிலின் தரையைச் சாய்வாகக் கட்டி, சிறுநீரை வாய்க்கால் வழியே சருகும் உமியும் நிரப்பிய குழியிற் சேர்த்தலும், எருக்கும்பியைக் கிணற்றுக்குத் தொலைவில் மழைபடாது மூடிவைத்தலும் தனினுக்கு முற்பட்ட கடமைகள்.

செய்து பார்க்கும் முறை

தனின் உண்டா இல்லையா என்பதைக் கல்லூரி ஆய்வுகூடத்திலேயே அறியலாம். இலையை உலர்த்தித் தூளாக்கி, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து வடிக்க. வடிநீரிற் சில துளி பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலை விட்டால், நீர்ப்பகுப்புறும் தனின் பெரும்பாலும் நீலங்கலந்த கருமையையும், ஒடுங்கிய தனின் பச்சை கலந்த கருமையையும் காட்டும். தனினல்லாத சில பொருள்களும் நிறங்காட்டுமாதலின், மற்றொரு பங்கு வடிநீரை ஜெலற்றின் கரைசலோடு கலந்து பார்க்க. கலங்கிப் படிவு விழுமாயின் புரதத்தைப் பற்றும் தனின் உண்டு என்பது துணிபு. பலா, நாவல், பூவரசு, இலந்தை, புளியங்கொட்டைத் தோல் என்பவற்றையும் சீமைக்கிளுவையையும் இவ்வாறு ஒப்பிட்டு ஓர் அட்டவணை ஆக்குதல் உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு ஏற்ற பணி. எனினும் இச்சோதனை உண்டு, இல்லை என்பதையே கூறும். எவ்வளவு என்பதற்கு முறையான இரசாயனப் பகுப்பு வேண்டும்.

அளவை அறிந்தபின் கணக்கு எளிது. நாளுக்கு 10 கிலோ உலர் தீவனம் உண்ணும் பசுவுக்குக் கிலோவுக்கு 20 கிராம் வீதம் 200 கிராம் ஒடுங்கிய தனின் வேண்டும். ஓர் இலையில் உலர் எடைக் கிலோவுக்கு 80 கிராம் தனின் உண்டெனக் கொண்டால், இரண்டரைக் கிலோ உலர் இலை தேவை. பச்சையிலையில் மூன்றிலொரு பங்கே உலர்பொருளாயின், ஏழரைக் கிலோ பச்சைக்குழை ஆகும். இதில் மூன்றிலொரு பங்குடன் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் மெல்லக் கூட்டுதல் வேண்டும். பிற தீனிகளிலுள்ள தனினையும் சேர்த்தெண்ணுதல் அவசியம். இளங்கன்றுக்கும், நோயுற்ற மாட்டுக்கும், மெலிந்த மாட்டுக்கும் இது ஆகாது.

பயனை அறிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாற்காலம் முதிர முதிரப் பால் தானாகவே குறையும். ஆதலால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை அளந்து முடிவு கூறினால் ஏமாறுவோம். மூன்று கிழமை கொடாதும், மூன்று கிழமை கொடுத்தும், மீண்டும் மூன்று கிழமை கொடாதும் அளக்க வேண்டும். கொடுத்தபோது கூடி, நிறுத்தியபோது குறைந்தால் மாத்திரமே பயன் உண்டெனத் துணியலாம். பால் அளவோடு கொழுப்பையும், தொட்டியில் மிஞ்சிய தீனியையும், சாணத்தின் பதத்தையும் நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்தல் நலம். பாலிலுள்ள யூரியாவை அளக்க வசதியிருப்பின், அது பிற எல்லாவற்றினும் முந்திக் கதை சொல்லும். யூரியா முன்னரே குறைவாக இருக்கும் பசுவுக்குத் தனின் வேண்டியதில்லை. மிகுதியாக இருந்து, குழை சேர்த்தபின் குறைந்து, பால் குறையாதிருக்குமாயின் காவல் பலித்ததென்க. பாலும் உண்ணும் அளவும் குறையுமாயின் உடனே நிறுத்துக.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. வளவிலே ஒரு பசு நின்ற வீடு அன்று வரிசையில் நிற்கவில்லை. அப்பசுவை நன்கு ஊட்டுதற்குப் பிறநாட்டுப் பொட்டலங்கள் எல்லாம் வேண்டியதில்லை. வேலிக் கதியாலிலும் புளியமரத்தடியிலும் வேண்டிய பொருளிற் பெரும்பங்கு கிடக்கிறது. குறைவாயிருப்பது அளந்தறியும் பழக்கமே. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினரும், மிருகவைத்திய அலுவலரும், கல்லூரி இரசாயன ஆசிரியரும், பசு வைத்திருக்கும் பழைய மாணவரும் கைகோத்தால், எந்த மரத்தின் எந்தப் பருவத்து இலையில் எவ்வளவு தனின் உண்டு என்னும் அட்டவணை ஒன்றை நம் ஊருக்கென ஆக்குதல் அரிய காரியமன்று. ஆசிரியர்கள் வகுப்பிலே தொடங்கி வைக்க, பழைய மாணவர் தம் கொட்டிலிலே சோதித்து முடிவை எழுதி அனுப்புவாராக.